நின்று வாசித்தலும் அமர்ந்து வாசித்தலும்: நாகசுரக் கலைஞரின் வாசிப்பு நிலை குறித்த வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

காற்றிசைக் கருவியை வாசிப்போர் உடலை எவ்வாறு வைத்துக்கொள்ள வேண்டும் என்பது பயிற்றுமுறையில் மூச்சு தொடர்பான செய்தியாகவே கற்பிக்கப்படுகிறது. நாகசுரத்தைப் பொறுத்தவரை அச்செய்தி மூச்சோடு முடிவதில்லை. கோயில் உலாவிலும் திருமண ஊர்வலத்திலும் நின்றும் நடந்தும் வாசிக்கப்பட்ட இக்கருவி, 20ஆம் நூற்றாண்டில் மேடையில் அமர்ந்து வாசிக்கப்படும் கருவியாகவும் ஆயிற்று. இம்மாற்றம் பெரும்பாலும் சுயமரியாதை சார்ந்த நிகழ்வாக மட்டுமே விளக்கப்பட்டு வருகிறது. அமரும் உரிமையோடு கருவியின் நீளம், சுருதி, மூச்சைக் கையாளும் முறை, வாசிக்கப்படும் உருப்படி ஆகியனவும் சேர்ந்து மாறின என்பதையும், அவ்வுரிமை எல்லாக் களங்களையும் ஒன்றுபோலச் சென்றடையவில்லை என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: நாகசுரம், வாசிப்பு நிலை, பெரியமேளம், திமிரி, பாரி, இசை வேளாளர், சுயமரியாதை

முன்னுரை

நாகசுரம், நாதசுரம், நாயனம் எனப் பலவாறு வழங்கப்படும் கருவி, சீவாளி வழியே ஊதப்படும் துளைக்கருவியாகும். அதன் பெயர் குறித்தும் தொன்மை குறித்தும் தமிழில் விரிவான விவாதங்கள் நிகழ்ந்துள்ளன. கலைஞர்களின் வாழ்க்கைச் செய்திகளைப் பி. எம். சுந்தரத்தின் 'மங்கல இசை மன்னர்கள்' போன்ற நூல்கள் தொகுத்தளித்துள்ளன. ஆயினும் அக்கலைஞர்கள் கருவியை வாசித்தபோது அவர்தம் உடல் எந்நிலையில் இருந்தது என்னும் வினா தனித்து எழுப்பப்பட்டதில்லை. நிற்பதும் அமர்வதும் வசதி பற்றியவை எனக் கருதப்பட்டமை இதற்குக் காரணமாகலாம்.

நாகசுர மரபில் மூன்று வாசிப்பு நிலைகள் உள்ளன: நடந்து வாசித்தல், நின்று வாசித்தல், அமர்ந்து வாசித்தல். இவற்றுள் எது சரியான நிலை என்னும் வினாவுக்கு உடலியல் ஒரு விடையையும் சமூக வரலாறு வேறொரு விடையையும் தருகின்றன. இரண்டு விடைகளும் ஒன்றோடொன்று முரண்படும் இடத்திலேயே இம்மரபின் 20ஆம் நூற்றாண்டு வரலாறு அமைந்துள்ளது.

குழலிலக்கணத்தில் கையும் இருக்கையும்

துளைக்கருவியைக் கையாளும் முறைக்குத் தமிழில் தொன்மையான சான்றாக அமைவது சிலப்பதிகார அரங்கேற்று காதையும் அதற்கு அடியார்க்குநல்லார் எழுதிய உரையுமாகும். குழலின் நீளம் இருபது விரல், சுற்றளவு நாலரை விரல் என அவ்வுரை அளவிடுகிறது. எட்டுத் துளைகளுள் ஒன்றை முத்திரை என நீக்கி, எஞ்சிய ஏழு துளைகளில் ஏழு விரல்களை வைத்து ஊதும் முறையையும் விளக்குகிறது. இடக்கையில் பெருவிரலும் சிறுவிரலும் நீங்கிய மூன்று விரல்கள், வலக்கையில் பெருவிரல் நீங்கிய நான்கு விரல்கள் என்பது அதன் வகுப்பு. இன்றைய நாகசுரத்திலும் விரலால் மூடப்படும் துளைகள் ஏழே. மேற்கையின் மூன்று விரல்களும் கீழ்க்கையின் நான்கு விரல்களும் அவற்றை ஆள்கின்றன. குழல் பக்கவாட்டிலும் நாகசுரம் முன்புறமாகவும் பிடிக்கப்படுவன எனினும், விரற்பகுப்பில் இவ்வொற்றுமை குறிப்பிடத்தக்கது.

விரல்களை இத்துணை நுட்பமாக வரையறுக்கும் அவ்வுரைப்பகுதி, குழலோன் முதுகையும் கழுத்தையும் எவ்வாறு வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை அவ்வாறு வரையறுப்பதில்லை. ஆனால் மூலநூல் வேறொன்றைத் தெளிவாகக் கூறுகிறது. அரங்கில் இசைக்கருவியாளர் தத்தமக்குரிய இருக்கை முறைமைப்படி ஒழுங்குற நிலைகொண்டதை அது குறிப்பிடுகிறது. உடல் எவ்வாறு இருக்கிறது என்பதைவிட எவ்விடத்தில் எம்முறையில் இருக்கிறது என்பதே அங்கு முதன்மை பெறுகிறது. கருவியாளரின் இடம் அவையின் ஒழுங்கோடு தொடர்புடையது என்னும் இக்கருத்து, பிற்கால நாகசுர வரலாற்றைப் புரிந்துகொள்ளவும் துணைசெய்கிறது.

பெரியமேளமும் நடையும்

நாகசுரம், தவில், ஒத்து, தாளம் ஆகியவை இணைந்த குழு பெரியமேளம் எனப்பட்டது. இதன் முதன்மைக் களம் கோயில் உலா. இறைத்திருமேனி புறப்படும்போது கம்பீரநாட்டையில் மல்லாரி வாசிக்கப்படும். தீர்த்த மல்லாரி, தளிகை மல்லாரி, தேர் மல்லாரி எனச் சடங்குக்கேற்ப அது வகைப்படும். திருமேனியைத் தாங்குவோரின் நடையும் மேளத்தின் காலப்பிரமாணமும் ஒன்றையொன்று தழுவிச் செல்லும். உலா நிற்கும் இடங்களில் கலைஞர் நின்றவாறே இராக ஆலாபனை செய்வார். இரக்தி போன்ற நீண்ட உருப்படிகள் இத்தகைய இரவு நேர உலாக்களிலேயே வளர்ந்தன. சொல்லில்லாத, தாளக்கட்டு மிகுந்த, நெடுநேரம் விரித்துச் செல்லத்தக்க இவ்வுருப்படிகளின் அமைப்பையும் நடந்தும் நின்றும் வாசிக்கும் நிலையையும் பிரித்துப் பார்க்க இயலாது.

இக்களத்தில் கலைஞர் மேலாடையின்றி, துண்டை இடையில் கட்டிக்கொண்டு வாசித்தார். இறைவன்முன் இவ்வாறு நிற்பது பெரியமேளத்தாருக்கு மட்டும் உரியதன்று. அர்ச்சகரும் திருமேனி தாங்குவோரும் வழிபடுவோர் பலரும் அந்நிலையிலேயே இருந்தனர். அங்கு நிற்றல் வழிபாட்டு ஒழுங்கின் பகுதி.

திருமண ஊர்வலத்திலோ நிலை வேறு. நிலக்கிழார், வணிகர் ஆகியோர் இல்லங்களில் மணமக்களும் உறவினரும் ஊர்தியிலோ இருக்கையிலோ அமர்ந்திருக்க, மேலாடை அணிந்த அவையோர்முன் மேளக்காரர் மட்டும் திறந்த மார்புடன் நின்று வாசித்தனர். உடலின் தோற்றம் இரண்டு களங்களிலும் ஒன்றே, பொருள் ஒன்றன்று. கோயிலில் அனைவர்க்கும் பொதுவாயிருந்த பணிவு, இல்லத்தில் ஒரு சாராரின் தாழ்வாக மாறியது. இவ்வேறுபாட்டைக் கருதாமல், நின்று வாசித்தலை முற்றிலும் இழிவெனவோ முற்றிலும் பத்தியெனவோ கொள்வது வரலாற்றுக்குப் பொருந்தாது.

மூச்சின் கணக்கு

உடலியல் நோக்கில் நின்ற நிலைக்குத் தெளிவான நன்மைகள் உள்ளன. ஒருவர் உள்ளிழுத்து வெளிவிடக்கூடிய காற்றின் அளவு, அமர்ந்த நிலையைவிட நின்ற நிலையில் சற்றே மிகுதி. வயிற்றுறுப்புகள் கீழ்நோக்கித் தளர்வதால் உதரவிதானம் தடையின்றி இறங்குகிறது; விலா எலும்புகள் பக்கவாட்டில் எளிதாக விரிகின்றன. நாகசுரத்தில் துத்துகாரம், அகாரம், விரலடி என வழங்கும் வாசிப்பு நுட்பங்கள் நாக்கு, மூச்சு, விரல் ஆகியவற்றின் ஒத்திசைவால் விளைபவை. கமகத்தின் பெரும்பகுதி மூச்சின் அழுத்தத்தையும் சீவாளியின்மீது உதடு கொள்ளும் பிடியையும் பொறுத்தது. ஆதலால் மூச்சுக்கு ஏற்படும் சிறு தடையும் சுருதியிலேயே வெளிப்பட்டுவிடும்.

நடந்து வாசித்தலில் இந்நன்மை ஓரளவு குறைகிறது. ஒவ்வோர் அடிவைப்பின் அதிர்வும் கருவி வழியே சீவாளியைச் சென்றடையும். உலாவின் மெதுநடை, சடங்கின் பெருமிதத்தைக் காப்பதோடு வாசிப்பவரின் உதட்டுப் பிடியையும் காத்தது. விரிவான ஆலாபனை உலா நிற்கும் இடங்களுக்கு உரியதாக அமைந்ததற்கும் இதில் ஒரு காரணம் உண்டு.

சம்மணமிட்டு அமரும்போது இடுப்பு பின்னோக்கிச் சாயவும் கீழ்முதுகு வளையவும் நேர்கிறது. வயிறு மடிந்து உதரவிதானத்தின் இறக்கத்தைத் தடுக்கிறது. முதுகுத்தண்டை நிமிர்த்தி, முழங்கைகளை விலாவிலிருந்து விலக்கி, முகவாய் தாழாமல் கருவியை உதட்டுக்குக் கொண்டுவந்தால் இவ்விழப்பின் பெரும்பகுதியை ஈடுசெய்யலாம். உதட்டைக் கருவி நோக்கிக் குனியச்செய்தால் கழுத்து மடிந்து தொண்டை ஒடுங்கும். கருவியின் அடிப்பகுதியில் விரலால் மூடப்படாத ஐந்து துளைகளும் அவற்றுக்குக் கீழே அணைசும் உள்ளன. அமர்ந்த நிலையில் தொடையோ ஆடையோ இப்பகுதியை மறைக்காதவாறு கருவியை முன்னோக்கி ஏந்த வேண்டும். அவ்வாறு ஏந்தும்போது கருவியின் எடை கீழ்க்கைப் பெருவிரலில் மிகுதியாக இறங்குகிறது. எனவே அமர்ந்து வாசித்தல் ஓய்வான நிலையன்று. நின்று பழகிய உடல் அதைப் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

மூச்சை மட்டும் கருதினால், நின்று வாசித்தலை விட்டு நீங்குவதற்குக் காரணமில்லை. ஆயினும் கலைஞர்கள் அமர விரும்பினர். அவ்விருப்பத்தின் காரணத்தை உடலியலுக்கு வெளியே தேட வேண்டியுள்ளது.

தோளில் துண்டு

பெரியமேளக் கலைஞரின் உடல் அரசியல் பொருளானதற்குச் சுயமரியாதை இயக்க வரலாறுகளில் அடிக்கடி சுட்டப்படும் ஒரு நிகழ்வு உண்டு. செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் நிகழ்ந்த திருமண ஊர்வலத்தில் நாகசுரம் வாசித்த மதுரை சிவக்கொழுந்து தம் தோளில் துண்டு அணிந்திருந்தார். அதை எடுக்குமாறு அங்கிருந்தோர் வற்புறுத்தினர். எடுக்க வேண்டாம் எனப் பட்டுக்கோட்டை அழகிரிசாமி அவருக்குத் துணைநின்றார். இயக்கத்தார் மீண்டும் மீண்டும் நினைவுகூர்ந்த இந்நிகழ்வில், வாசித்த இராகம் பற்றியோ இசைத்தரம் பற்றியோ எவரும் வினா எழுப்பவில்லை. ஒரு துண்டு இடையில் இருக்க வேண்டுமா, தோளில் இருக்கலாமா என்பதே வழக்கு. வாசிப்போரின் உடல் தோற்றத்தைத் தீர்மானிக்கும் உரிமை யாருடையது என்னும் கேள்வி அவ்வழக்கில் அடங்கியிருந்தது.

இதே கேள்வியை இயக்கத்தின் வழியாக அல்லாமல் தம் கலைப்புகழின் வழியாக எழுப்பியவர் திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956). குடுமியை நீக்கிக் கிராப்பு வைத்துக்கொண்டது, உயர்ந்த மேலுடை அணிந்தது, ஒத்துக்கு மாற்றாகத் தம்புராச் சுருதியைக் கொண்டது, வாய்ப்பாட்டுக் கலைஞர்க்கு நிகராக மேடையிட்டு அமர்ந்து வாசிப்பதை வற்புறுத்தியது ஆகியன அவரைப் பற்றிய செய்திகளில் தொடர்ந்து இடம்பெறுகின்றன. இவை தனித்தனி விருப்பங்களாகத் தோன்றினும் ஒரே திசையில் செல்வன. தம்புரா, மேடை, மேலுடை, இருக்கை என்னும் நான்கும் கச்சேரிக் கலைஞரின் அடையாளங்கள். அவற்றை ஒருசேர ஏற்றதன் வழியாக, நாகசுரக்காரர் சடங்குப் பணியாளர் என்னும் வகையிலிருந்து கச்சேரிக் கலைஞர் என்னும் வகைக்கு நகர்ந்தார்.

இந்நகர்வின் தன்மையை விளக்கும் சான்று ஒன்று எதிர்பாராத இடத்தில் கிடைக்கிறது. 1947 ஆகஸ்டு 14 அன்று திருவாவடுதுறை ஆதீனத்தின் சார்பில் புதுதில்லியில் ஜவகர்லால் நேருவிடம் செங்கோல் வழங்கப்பட்டது. அக்குழுவோடு சென்று நாகசுரம் வாசித்தவர் ராஜரத்தினம் பிள்ளை. அவ்வாண்டு ஆகஸ்டு 25ஆம் நாளிட்ட அமெரிக்க 'டைம்' இதழ் இந்நிகழ்வை வருணிக்கிறது. கலைஞரின் பெயரைக் கூறாமல், தென்னிந்தியாவின் மிகப் புகழ்பெற்ற நாகசுரக்காரர் என்று மட்டும் அவ்விதழ் குறிக்கிறது. துறவியர் பழைய மகிழுந்து ஒன்றில் மெல்லச் செல்ல, அவர் முன்னே நடந்தார் என்றும், ஏறத்தாழ ஒவ்வொரு 100 கஜத்துக்கும் நின்று, சாலையிலேயே அமர்ந்து, கால்மணி நேரம் வாசித்தார் என்றும் அக்குறிப்பு கூறுகிறது.

கருவியைப் புல்லாங்குழல் வகையாகக் கருதிய அயல்நாட்டுச் செய்தியாளரின் பதிவு இது. கலைஞர் ஏன் அமர்ந்தார் என்பதை அது விளக்கவில்லை. எனவே நோக்கத்தைப் பற்றி உறுதியாக ஒன்றும் கூறுவதற்கில்லை. ஆயினும் பதிவான செயல் கவனத்திற்குரியது. ஊர்வலத்தின் கட்டமைப்பு முழுவதும் பழையது: முன்னே மேளம், பின்னே மடத்தார், இடையிடையே நிறுத்தம், நிறுத்தத்தில் இராகம். மாறியது ஒன்றே. நிற்க வேண்டிய இடத்தில் கலைஞர் அமர்ந்தார். நடை ஊர்வலத்துக்கும் இருக்கை இசைக்கும் எனப் பிரிந்துவிட்டன. மேடை இல்லாத இடத்தில் சாலையே மேடையாயிற்று.

திமிரியும் பாரியும்

அமர்தல் நிலைபெறக் கருவியும் மாற வேண்டியிருந்தது. முன்னர்ப் பெருவழக்காயிருந்த திமிரி நாகசுரம் குட்டையானது. நான்கு கட்டையும் அதற்கு மேலும் உயர்ந்த சுருதியுடையது. தெருவின் இரைச்சலை ஊடுருவி நெடுந்தொலைவு கேட்பதற்கு அவ்வொலி ஏற்றது. எடை குறைவாகையால் நடந்து வாசிப்பதற்கும் இயைந்தது. பாரி நாகசுரம் அதைவிட நீளமானது. இரண்டு, இரண்டரை கட்டை அளவில் தாழ்ந்த சுருதியுடையது. துளைகளின் இடைவெளி கூடுவதால் விரல்கள் அகல விரிய வேண்டும், எடையும் கூடும். மண்டபத்தில் அமர்ந்து கேட்போருக்கு அதன் கனிந்த ஒலி இதமளித்தது. வாய்ப்பாட்டுச் சுருதிக்கும் அது அணுக்கமாயிற்று.

பாரியைப் பெருவழக்காக்கியவர் ராஜரத்தினம் பிள்ளை எனப் பொதுவாகக் கூறப்படும். அக்கருவியைச் செம்மைப்படுத்தியதில் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியின் பங்கு சமமாகக் கருதத்தக்கது. ஆச்சா மரத்தில் கடையப்பட்ட பழைய கருவிகளில் சுத்த மத்திமம் எளிதில் தெளிவாகப் பேசாது. கருவி தானாகத் தராத சுரத்தை வாசிப்பவர் மூச்சின் அழுத்தத்தாலும் உதட்டின் பிடியாலும் உண்டாக்க வேண்டும். ரங்கநாதன் ஆசாரி உருவாக்கிய பாரியில் அச்சுரம் தெளிவாக அமைந்தது. உடல் சுமந்த திருத்தத்தின் ஒரு பகுதியை மரம் ஏற்றுக்கொண்டது எனலாம். அமர்ந்த நிலையில் மூச்சுக்கு நேர்ந்த சிறு இழப்பைக் கருதும்போது இது சிறிய உதவியன்று. நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கு 2022ஆம் ஆண்டு புவிசார் குறியீடு வழங்கப்பட்டபோது அவ்வூரின் கைத்தொழில் அங்கீகாரம் பெற்றது. ஆயினும் நாகசுரக்காரரின் சமூக உயர்வு பற்றிய எழுத்துகளில் கருவி செய்தோரின் பங்கு இன்னும் உரிய இடம் பெறவில்லை.

பாரி வந்ததால் கலைஞர் அமர்ந்தார் என்றோ, அமர்ந்ததால் பாரி வந்தது என்றோ ஒருவழிக் காரணம் கூற இயலாது. இருக்கை, சுருதி, மண்டபம், கேட்போர் ஆகிய நான்கும் ஒன்றையொன்று இழுத்துச் சென்றன.

மேடையின் எல்லைகள்

இம்மாற்றத்தைப் புல்லாங்குழலோடு ஒப்பிடுவது பயன் தரும். கும்பகோணம் சரப சாஸ்திரி (1872–1904) காலந்தொட்டுக் கச்சேரிக் கருவியாக வளர்ந்த புல்லாங்குழல், அமர்ந்து வாசிக்கும் உரிமைக்காகப் போராட நேரவில்லை. அதுவும் மூச்சால் இயங்கும் துளைக்கருவியே. அமர்வதால் உதரவிதானத்துக்கு நேரும் தடை அதற்கும் பொதுவே. திருப்பாம்புரம் நாகசுர மரபில் தோன்றிய சுவாமிநாத பிள்ளை புல்லாங்குழல் கலைஞராகப் புகழ்பெற்றார். ஒரே குடும்பத்தில் ஒரு கருவி தெருவுக்கும் மற்றொன்று மேடைக்கும் உரியதாயிருந்தது. எனவே வாசிப்பு நிலையைத் தீர்மானித்தது கருவியின் ஒலியியல் மட்டுமன்று. அக்கருவி எந்தக் களத்தோடும் எந்தச் சமூகத்தோடும் இணைத்து நோக்கப்பட்டது என்பதும் ஆகும்.

சென்னை மியூசிக் அகாதெமி 1956ஆம் ஆண்டுக்கான சங்கீத கலாநிதி விருதைத் திருவீழிமிழலை சுப்பிரமணிய பிள்ளைக்கு வழங்கியது. அவ்வாண்டு டிசம்பர் 12 அன்று ராஜரத்தினம் பிள்ளை மறைந்தார். அடுத்து ஷேக் சின்ன மௌலானா 1998இல் அவ்விருதைப் பெறும்வரை நாகசுரத்துக்கு நீண்ட இடைவெளி ஏற்பட்டது. இசைவிழாக்களின் தொடக்கத்தில் மங்கல இசையாக நாகசுரம் ஒலிப்பது மரபாயிற்று. கலைஞர் அங்கு அமர்ந்தே வாசிக்கிறார். ஆனால் அவையோர் வந்து இடம்பிடிக்கும் பொழுதே பெரும்பாலும் அவருக்குரிய பொழுது. திருமண மண்டபங்களிலும் மேளத்தார்க்குத் தனி மேடை உண்டு. அங்கே கெட்டிமேளச் சைகைக்காக அவர் கண்கள் புரோகிதரை நோக்கியவாறே இருக்க வேண்டும். இருக்கை கிடைத்தது, வாசிப்பை முடிக்கும் உரிமை முழுமையாகக் கிடைக்கவில்லை.

மறுபுறம், கோயில் உலாவில் இன்றும் கலைஞர் நடந்தும் நின்றுமே வாசிக்கிறார். அரசு இசைப்பள்ளிகளில் அமர்ந்து கற்கும் மாணவர் கோயில் பணிக்குச் செல்லும்போது வேறொரு நிலைக்கு உடலைப் பழக்க வேண்டியுள்ளது. மல்லாரியும் இரக்தியும் மேடையில் சுருங்கி ஒலிக்கின்றன. அவற்றை ஈன்ற நடை அங்கு இல்லை. ஆகவே நின்று வாசிக்கும் பயிற்சியைத் தாழ்வின் எச்சமாகக் கருதிக் கைவிடுவது, மரபின் பெரும்பகுதியைக் கைவிடுவதாக முடியும்.

முடிவுரை

நாகசுரக் கலைஞர்க்கு நல்ல வாசிப்பு நிலை எது என்னும் வினாவுக்கு ஒற்றை விடை இல்லை. நிமிர்ந்த முதுகும் தளர்ந்த தோளும் விரிந்த விலாவும் மூன்று நிலைகளுக்கும் பொதுத்தேவைகள். அவற்றைப் பயிற்சியால் பெறலாம். நிற்பதா, அமர்வதா என்பதைத் தேர்ந்துகொள்ளும் உரிமை பயிற்சியால் பெறத்தக்கதன்று. அவ்வுரிமையைப் பெறுவதற்குத் தோளிலிட்ட துண்டு, தம்புரா, மேடை, புதிதாகக் கடைந்த மரம் எனப் பலவும் துணைநின்றன. மூச்சின் கணக்கில் சற்று இழந்தும் கலைஞர்கள் அமர்ந்ததற்குக் காரணம், அமர்தல் அவர்களுக்கு வெறும் உடல்நிலையாக இல்லாமல் அவையில் கிட்டும் இடமாக இருந்தமையே. சிலப்பதிகாரம் கருவியாளர்க்கு இருக்கை முறைமை கூறியதும் இடம் பற்றியே.

கோயில் தெருவில் நிற்கும் கலைஞரும் மேடையில் அமரும் கலைஞரும் பெரும்பாலும் ஒருவரே. இரண்டு இடங்களிலும் அவருக்கு ஒரே மதிப்புக் கிடைக்கும்போதுதான், எந்நிலையில் வாசிப்பது என்பது மூச்சையும் உருப்படியையும் மட்டும் பொறுத்த இசைத் தேர்வாக அமையும். அதுவரை நாகசுரப் பயிற்றுமுறை இரண்டு நிலைகளையும் சம மதிப்புடன் கற்பிப்பதும், இசை வரலாற்றாய்வு கலைஞரின் உடலையும் ஒரு சான்றாகக் கொள்வதும் தேவையாகின்றன.